கேட்டால்தான் வரும் உதவி



மேற்படிப்புக்காகப் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பவிருக்கும் குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கிறார்கள். அங்கே ஹலால் உணவு கிடைக்குமா? தொழுவதற்கு இடம் உண்டா? எங்கள் மகள் மான்செஸ்டரில் ஓராண்டு முதுகலைப் படிப்பை முடித்து வந்தவள் என்பதால் எங்களைத் தேடி வருகிறார்கள்.

இவ்விரண்டுக்கும் விடை எளிது. மான்செஸ்டரின் வில்ம்ஸ்லோ சாலையில் ஹலால் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தொழுகை அறையும் இஸ்லாமிய மாணவர் அமைப்பும் உண்டு. இவ்வமைப்புகளின் கூட்டமைப்பு 1963 முதல் இயங்கிவருகிறது. ரமழானில் மாணவர்கள் ஒன்றுகூடி நோன்பு திறக்கிறார்கள். பிள்ளைகள் பழகிக்கொள்ள வேண்டியது அந்நாட்டின் பொழுதுக்குத்தான். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். லுஹருக்கும் மஃரிபுக்கும் இடையே நான்கு மணி நேரம்கூட இராது. ஜூனிலோ இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான் மஃரிப்.

யாரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு ஒரு துன்பம் நேர்ந்தால், அது யாருக்கு, எப்படித் தெரியவரும்?

நம் ஊரில் ஒரு வீட்டுக் கதவு காலையில் திறக்கவில்லை என்றால், பக்கத்து வீட்டுச் சாச்சி வந்து தட்டிப் பார்ப்பார். பள்ளிவாசலில் ஒருவரை இரண்டு நாள் காணாவிட்டால், மூன்றாம் நாள் விசாரிக்க ஆள் வரும். கேட்காமலே உதவி வந்து சேரும் இடத்தில் வளர்ந்த பிள்ளை, கேட்டால் மட்டுமே உதவி வரும் இடத்துக்குப் போகிறது. அங்கே உதவிக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் கதவை மாணவரே தட்ட வேண்டும்.

முதல் பருவத்தில், நவம்பர் மாதம், எங்கள் மகள் காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் ஒரு வாரத்தில் தணிந்தது, மனச்சோர்வு தணியவில்லை. வகுப்புகள் தவறின. ஒரு கட்டுரையை ஒப்படைக்க வேண்டிய நாளும் நெருங்கியது. அந்நாள்களிலும் தினமும் எங்களோடு பேசினாள். "நல்லா இருக்கேன் உம்மா, சாப்பிட்டேன்" என்றே சொல்லிவந்தாள்.

உடன் தங்கியிருந்த மலேசிய மாணவி ஒருநாள், "வழிகாட்டி ஆசிரியருக்கு எழுதினாயா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றிரவே மகள் நான்கு வரி மின்னஞ்சல் ஒன்றை அனுப்பினாள். ஆசிரியர் அவளை அழைத்துப் பேசினார். நோயோ துயரமோ காரணமாக அவகாசம் கோரும் படிவத்தைக் காட்டிக்கொடுத்தார். இரண்டு வாரம் அவகாசம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரைக் கட்டணமின்றிப் பார்க்கவும் ஏற்பாடாயிற்று.

இவை எதையும் பல்கலைக்கழகம் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை. பதினெட்டு வயது நிறைந்தவரைப் பற்றி, அவர் இசைவின்றிப் பெற்றோரிடம்கூடப் பொதுவாகப் பேச மாட்டார்கள். தொலைபேசியில் அழைத்து மகளைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எந்தப் பெற்றோரும் நம்பியிருக்க வேண்டாம்.

ஏன் மறைத்தாய் என்று பின்னர் கேட்டோம். "வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாதுன்னு வாப்பா நிலத்தை வித்து அனுப்பினாங்க. எனக்கு முடியலேன்னு எப்படிச் சொல்றது?" என்றாள்.

அந்தப் பதிலை நாங்கள் நெடுநாள் எண்ணிப் பார்த்தோம். நிலத்தை விற்றதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அல்லாஹ்வுக்கு அஞ்சிச் செய்தது அது. ஆனால் பெற்றோர் மனமுவந்து செய்த தியாகம், பிள்ளையின் நெஞ்சில் வாய் திறக்க முடியாத கடனாகப் படிந்துவிடுகிறது. நிலம் விற்ற வீட்டில் மட்டுமன்று. நகை விற்ற வீட்டிலும், கடன் பெற்ற வீட்டிலும் இதுவே நிலை.

பொறுமை என்பது துன்பத்தை மறைத்து வைப்பதன்று. நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அழகிய பொறுமைக்கும் அவர்களே முன்மாதிரி. நோய்க்கு மருந்து தேடவும், காரியங்களில் மஷ்வரா செய்யவும் நம் மார்க்கம் கற்றுத்தருகிறது. வழிகாட்டி ஆசிரியருக்கு எழுதுவதும் அவ்வகையில் சேர்ந்ததே.

ஆகவே, பிள்ளை புறப்படும் முன் சிலவற்றைச் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

விசாவோடு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணமும் செலுத்துகிறோம். அதன் பயனைப் பெற, போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அருகிலுள்ள பொது மருத்துவரிடம் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். அவசரத்துக்கு 999, அத்தனை அவசரமில்லாத மருத்துவ ஆலோசனைக்கு 111.

வகுப்புக்குப் போக இயலாதபோது உடனே தெரிவிக்க வேண்டும். படிப்பில் ஈடுபடாத வெளிநாட்டு மாணவரைக் குடியேற்றத் துறைக்கு அறிவிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. மௌனமாக அறையில் படுத்திருந்தால் விசாவுக்கே இடர் வரக்கூடும். ஆசிரியரிடம் சொல்லத் தயங்கினால், மாணவர் ஒன்றியத்தில் ஆலோசகர்கள் இருப்பார்கள்.

பட்டப்படிப்பு மாணவர் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். கூடுதல் நேரத்துக்குக் கையில் காசு தருகிறோம் என்று கூப்பிடும் கடைகளுக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

விசாவுக்காக வங்கியில் 28 நாள் இருக்க வேண்டிய பணத்தை, யாரிடமோ வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது பொய் என்பதோடு, பிள்ளையைக் குளிர்காலத்தில் வெறுங்கையோடு நிறுத்துவதும் ஆகும். பல்கலைக்கழகத்தின் உதவி நிதியை நம்பியும் அனுப்பாதீர்கள். எதிர்பாராத நெருக்கடிக்கு மட்டுமே அதில் ஓரளவு இடமுண்டு.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரு சொல்லைப் பிள்ளையிடம் வாய் திறந்து சொல்லி அனுப்புங்கள்: "முடியவில்லை என்றால் சொல்; நாங்கள் செலவுக்கணக்குப் பேச மாட்டோம்." இதை ஒருமுறை சொன்னால் போதாது. தொலைபேசியில் "சாப்பிட்டாயா, தொழுதாயா" என்று கேட்பதோடு, "இந்த வாரம் எது கடினமாக இருந்தது?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை எங்கள் மகள் நாடு திரும்பும்வரை ஒவ்வொரு வெள்ளியும் கேட்டோம். சில வெள்ளிகளில் அழுதாள். பல வெள்ளிகளில் சிரித்தாள். எங்களுக்கு இரண்டும் தெரிந்திருந்தன, அல்ஹம்துலில்லாஹ்.

கல்வி தேடிப் புறப்படும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பயணத்தை எளிதாக்குவானாக. அவர்கள் சொல்வதைப் பொறுமையோடு கேட்கும் மனத்தை நமக்கும் தருவானாக. ஆமீன்.