அழைத்தார்கள், வாதாட விடவில்லை!

பாரிஸ்டர்! தமிழகத்தில் ஒரு தலைமுறைக்கு இந்தச் சொல் படிப்பின் பெயராக மட்டுமா இருந்தது? சீமைக்குச் சென்று வந்தவர், செல்வமுடையவர், எதிரில் நிற்போர் வாயடைத்துப் போகப் பேச வல்லவர் என்பதையெல்லாம் ஒரே மூச்சில் உணர்த்திவிடும் சொல்லாக அன்றோ இருந்தது! 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் இந்தியாவிலே அந்த வேற்றுமையைத் துடைக்க வழி செய்தது. ஆயினும் 1973-இல் 'கௌரவம்' படத்திலே சிவாஜி கணேசன் பாரிஸ்டர் ரஜினிகாந்தாகத் தோன்றியபோது, கொட்டகையில் இருந்த எவருக்கும் அந்தச் சொல்லின் பொருளை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் அச்சொல் இன்றும் உயிரோடிருக்கிறது. இலண்டனில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, அங்கேயே சட்டம் பயின்று, அந்தச் சொல்லைத் துரத்திச் சென்றவன் நான். "சட்டப் பட்டம் பெற்றுவிட்டேன், பாரிஸ்டராக இன்னும் எத்தனை நாள் ஆகும்?" என்று இளைஞர்கள் கடிதம் எழுதிக் கேட்கிறார்கள். எத்தனை நாள் என்று கேட்பதைவிட, எத்தனை கதவு என்று கேட்பதே பொருத்தம்.

முதற் கதவு, 'இன்' எனப்படும் பழம்பெரும் மன்றங்கள். லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என நான்கே நான்கு. பல்கலைக்கழகம் பட்டம் தரலாம். பாரிஸ்டராக 'அழைக்கும்' உரிமை இந்த நான்குக்கே உண்டு. நான் கிரேஸ் இன்னைத் தேர்ந்தேன். அண்ணல் அம்பேத்கர் 1916-இல் சேர்ந்த இடம் அது. உதவித்தொகைக் காலம் முடிந்து பாதியிலே நாடு திரும்பி, பொருள் சேர்த்து மீண்டும் கடல் கடந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாரே, அந்த உறுதிக்காகவே அந்த வாயிலை நாடினேன்.

அதே கிரேஸ் இன் 1903-இல் பெர்த்தா கேவ் என்ற பெண்ணைச் சேர்க்க மறுத்தது என்பதையும் மறைக்கலாகாது. அறிவிலே குறையா? ஒழுக்கத்திலே குறையா? பெண்ணாகப் பிறந்தது ஒன்றே குறை! 1919 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தத் தடையைச் சட்டத்தால் உடைத்தது. மறுநாளே ஹெலினா நார்மன்டன் மிடில் டெம்பிளில் சேர்ந்தார். 1922-இல் ஐவி வில்லியம்ஸ் அழைப்புப் பெற்ற முதற்பெண் ஆனார். மரபு மரபு என்று மார்தட்டிய மன்றங்கள், சட்டம் வந்ததும் ஒரே இரவில் மனம் மாறின!

அங்கே விருந்துண்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. நகைக்க வேண்டாம், ஒரு காலத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மன்றத்தின் இரவு விருந்துகளில் அமர்ந்து உண்ணாதவருக்கு அழைப்பே இல்லை. சட்டப்பள்ளிகள் தோன்றாத நாளில் இளையோர் மூத்தோருடன் உண்டு, உரையாடி, தொழில் கற்றனர்; அந்தப் பழக்கத்தின் எச்சம் இது. இன்று சொற்பொழிவுகளும் வாதப் பயிற்சிகளும் கணக்கில் சேருகின்றன. எனினும் நீண்ட மேசையில் நால்வர் நால்வராக அமர்ந்து, எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது என்று பக்கத்தில் இருப்பவரைக் கடைக்கண்ணால் பார்த்த நாட்களை நான் மறக்கவில்லை. தந்தையோ அந்நேரம் பெட்ரோல் நிலையமொன்றில் இரவு வேலையில் இருப்பார்.

இரண்டாம் கதவு, பட்டத்துக்குப் பின்னான தொழிற்பயிற்சி. கட்டணம் பத்தாயிரம் பவுனைத் தாண்டும். என் மன்றம் தந்த உதவித்தொகை பாதியை அடைத்தது, மீதி கடன். ஆனால் கற்பித்த முறையைக் குறை கூறமாட்டேன். குற்றவியல் நடைமுறை, உரிமையியல் நடைமுறை, சான்று, தொழில் அறம் ஆகியவற்றை நூலிலே படித்தோம்; வாதத்தை வாயாலேயே கற்றோம். ஒருவர் எழுந்து குறுக்கு விசாரணை செய்வார். ஆசிரியர் பத்துப் பிழைகளைக் கண்டாலும் ஒன்றைத்தான் எடுப்பார். நாம் சொன்ன சொற்களை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்டுவார், அது ஏன் பிழை என்பார், தாமே செய்து காட்டுவார். பின் "மீண்டும் செய்க" என்பார். ஒரு கேள்விக்கு ஒரு செய்தி. விடை தெரியாமல் "ஏன்?" என்று கேட்காதே. சாட்சி மழுப்பினால் குரலை உயர்த்தாதே, கேள்வியைச் சுருக்கு. மேடைத் தமிழில் வளர்ந்த எனக்கு இந்தச் சிக்கனம் கசப்பு மருந்தாக இருந்தது!

தேர்ந்தேன். அழைத்தார்கள். அங்கி அணிந்து, குதிரைமயிர்ப் பொய்முடி தரித்து நின்றேன். அன்னை கண் கலங்கினார். அடுத்த நாள் நீதிமன்றத்தில் ஒருவருக்காக வாதாட எனக்கு உரிமை இருந்ததா? இல்லை! மூன்றாம் கதவு இருக்கிறதே! மூத்த பாரிஸ்டர் ஒருவரின் கீழ் பன்னிரண்டு மாதம் பயில வேண்டும். ஆண்டுதோறும் அழைப்புப் பெறுவோர் ஆயிரத்துக்கு மேல். பயிற்சி இடங்களோ சில நூறு. ஐந்தாண்டுக்குள் இடம் கிட்டாவிடில் பெற்ற பயிற்சியும் காலாவதியாகிவிடும். முற்காலத்தில் பயிலுநரே நூறு கினி கட்டணம் தந்து பயின்றனர். பின்னர் ஊதியமின்றி உழைத்தனர். பயிலுநருக்குக் குறைந்த அளவு ஊதியம் தந்தே தீரவேண்டும் என்ற விதி இந்த நூற்றாண்டில்தான் வந்தது. வசதி படைத்தோர் மட்டும் பசியின்றிக் காத்திருக்கக்கூடிய தொழிலில் எவர் மிஞ்சுவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நேர்காணல் ஒன்றில், "இத்தொழிலில் உங்கள் குடும்பத்தார் யாரேனும் உண்டா?" என்று மிக இனிமையாகக் கேட்டார்கள். இல்லை என்றேன். இடமும் இல்லை என்று கடிதம் வந்தது. இரண்டாண்டு இப்படியே கழிந்தது. அந்த இரண்டாண்டும் சட்ட உதவி அலுவலகமொன்றில், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படுவோரின் தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டு இடம் கிட்டியது.

முதல் ஆறு மாதம் மூத்தவரின் நிழலாகத் திரியவேண்டும். அடுத்த ஆறு மாதம் தனித்து வாதாடலாம். 2023-இல் அப்படித் தனித்து நின்ற என் கைக்கு வந்த முதல் வழக்கு எது தெரியுமா? குடியிருந்த அம்மையாரை வெளியேற்ற விரும்பிய வீட்டுக்காரரின் வழக்கு!

மறுக்கலாமா? கூடாது. வாடகைவண்டி வரிசையில் முதலில் நிற்பவன் வரும் பயணியை ஏற்றுக்கொள்வதுபோல, தன் துறையில் வரும் வழக்கை, கட்சிக்காரர் யாராயினும், பாரிஸ்டர் ஏற்கவேண்டும் என்பது விதி. 1792-இல் தாமஸ் பெயினின் 'மனித உரிமைகள்' நூலுக்காக அரசு வழக்குத் தொடுத்தபோது அவருக்காக வாதாடியவர் தாமஸ் எர்ஸ்கின். அதற்காக வேல்ஸ் இளவரசரிடம் வகித்த பதவியை அவர் இழந்தார். பெயினுக்கு வழக்கறிஞர் கிடைத்த அதே விதியால்தான் வீட்டுக்காரருக்கு நானும் கிடைத்தேன்! நெஞ்சு கசந்தது, ஆனால் சென்றேன்.

அந்த அம்மையாருக்கு வழக்கறிஞர் இல்லை. காரணம் கூறாமலே வெளியேற்ற அன்றைய சட்டம் இடமளித்தது. ஆனால் குடியிருப்பவர் தந்த முன்பணத்தை முப்பது நாளுக்குள் ஏற்புடைய காப்புத் திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்காகச் சொல்லத்தக்க அனைத்தையும் சொன்னேன். நீதிபதி ஒன்றே கேட்டார்: "முன்பணம் காப்பிடப்பட்டதா?"

"அதற்கான சான்று என்னிடம் இல்லை, ஐயா."

வழக்குத் தள்ளுபடியாயிற்று. நடந்ததன் பொருள் விளங்காமல் அம்மையார் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார்; நீதிமன்றப் பணியாளர் அருகே சென்று, அவர் வீடு திரும்பலாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் என்னிடம் ஒரு சொல்லும் பேசாமல் படியிறங்கினார். நான் தாள்களைக் கட்டிக்கொண்டு அடுத்த நாள் வழக்குக்கான தொடர்வண்டி நேரத்தைப் பார்த்தேன்.