இலை கொட்டும் காலத்தில் வடக்கு நோக்கி



பல ஆண்டுகளுக்கு முன்பு மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து, "ஐயா, நம் நாட்டில் இளவேனில் உண்டா?" என்று கேட்டாள். "இல்லையம்மா, நமக்கு வெயிலும் மழையும்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது என் துணைவியார் சிரித்தார். "மாசி பங்குனியில கித்தாக்காட்டுக்குள்ள போய்ப் பார்த்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க" என்றார். அவர் தோட்டத்தில் பிறந்தவர். நான் ஈப்போ புந்தோங்கில், இரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவன். எங்களுக்குள் இந்த வேறுபாடு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

ஓய்வு பெற்றபின் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஜோகூர் பாருவில் மகன் வீட்டில் சில ஆண்டுகள் இருந்தோம். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வயதை அடைந்துவிட்டனர். ஈப்போ வீட்டை விற்றுவிட்டுத் தங்களுடனேயே இருந்துவிடும்படி மகன் கேட்டான். "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார் துணைவியார். விரைவுப் பேருந்தில் போகலாம் என்றேன் நான். அவரோ, எங்களிடமிருந்த பழைய வேனில், போகிற வழியில் படுத்துறங்கி, இலை கொட்டும் காலம் முடிவதற்குள் ஊர்போய்ச் சேரவேண்டும் என்றார். இத்தனை ஆண்டுக்கால இல்வாழ்க்கையில் அவர் தமக்கென்று எதையும் கேட்டதில்லை. ஆகவே வேன்.

வெளிநாட்டார் ஓட்டிவரும் படுக்கை வண்டியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்! வண்டியின் அமைப்பை நிலையாக மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் பெறவேண்டும். அந்த அலைச்சல் இந்த வயதில் எதற்கு? பின்னிருக்கைகளை மடித்தோம். மேலே ஒரு பலகை, அதன்மேல் மெத்தை. சன்னல்களுக்குக் கொசுவலை தைத்தார் துணைவியார். டின் கேஸ் அடுப்பு ஒன்று, சார்டின் டின்கள், கோப்பித்தூள், குடிநீர்க் கலன். ஒரு திருகாணியைக்கூட நாங்கள் கழற்றவில்லை.

விரைவுச்சாலை வழியாக ஜோகூர் பாருவிலிருந்து ஈப்போவுக்கு ஆறு மணி நேரத்தில் வந்துவிடலாம். நாங்கள் மூன்று இரவுகள் எடுத்துக்கொண்டோம். கோலாலம்பூர்வரை விரைவுச்சாலை, அதன்பின் பழைய முதலாம் எண் கூட்டரசுச் சாலை. 1994-ஆம் ஆண்டு வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும்வரை வடக்கே போகிறவர்கள் அனைவரும் இந்தப் பழைய சாலையில்தான் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து சென்றனர். இப்போது அதில் கூட்டமில்லை. தஞ்சோங் மாலிமில் இறங்கிப் பசியாறினோம். 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்ட ஊர் இது. இன்று அது சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தமிழ்மொழிக் கல்வியும் அங்குப் பயிற்றுவிக்கப்படுகிறது. கடையில் எங்கள் பக்கத்து மேசையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பாடத்திட்டம் தயாரித்துக்கொண்டிருந்தனர். எட்டிப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். எட்டிப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

பீடோரில் கொய்யா வாங்கினோம். தாப்பாவுக்கு அருகே ஓய்வுத்தளம் ஒன்றில் வண்டியை நிறுத்தி இரவைக் கழித்தோம். தூக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. சன்னலைத் திறந்தால் லாரிகளின் உறுமல், மூடினால் புழுக்கம். நள்ளிரவில் துணைவியார் எழுந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டே, "லயத்துல எட்டுப் பேரு ஒரே அறையில படுத்திருப்போம், அதுக்கு இது தேவலாம்" என்றார்.

மறுநாள் பத்து காஜா பக்கம் திரும்பிக் கெல்லி மாளிகைக்குச் சென்றோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததால் முடிவு பெறாமல் நின்றுபோன மாளிகை அது. பள்ளிச் சுற்றுலாக்களில் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேய்க்கதைகளைக் குறைத்துக்கொண்டு, அருகிலுள்ள மாரியம்மன் ஆலயத்துக்கும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கொள்ளைநோய் கண்டு தொழிலாளர்கள் மடிந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கெல்லி ஸ்மித் எழுப்பித் தந்த ஆலயம் என்பர். அதன் மேற்கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பியணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்றும் நிற்கிறது. மாளிகையைக் கட்டிய நம்மவர்களின் நினைவு மாளிகையில் இருப்பதைவிட அங்கேதான் அதிகம்.

ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, பூட்டைத் திறக்காமலே, "முதல்ல அங்க போயிட்டு வந்துருவோம்ங்க" என்றார் துணைவியார். எங்கே என்று நான் கேட்கவில்லை. சுங்கை சிப்புட் தாண்டி, அவர் பிறந்த தோட்டம். நான் முதன்முதலில் ஆசிரியராகச் சென்றதும் அங்குதான். அதனால்தான் எனக்குத் தயக்கம்.

சொல்லிவிடுகிறேன். 1981-ஆம் ஆண்டு. எனக்கு வயது இருபத்து நான்கு. ஐந்தாம் வகுப்பு மதிப்பீட்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்ய வேண்டும் என்ற வெறி. பயிற்சி நூலுக்கு ஆளுக்கு இரண்டு வெள்ளி கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாணவன் மட்டும் கொண்டுவரவில்லை. கணக்கில் கெட்டிக்காரன். இவனுக்குப் பொறுப்பில்லை என்று முடிவு கட்டி, மூன்று நாள்கள் வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன். மூன்றாம் நாள் வெட்டு முடிந்து, பால் வாளியை வைத்துவிட்டு அவனுடைய தாயார் நேராகப் பள்ளிக்கு வந்தார். கைகளில் ஒட்டுப்பால் காய்ந்து கறுத்திருந்தது. "எல கொட்டுற காலம் சார். பாலு எறங்கல. அடுத்த சம்பளத்துல குடுத்துடுறேன், உள்ள விடுங்க சார்" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. சாக்குப்போக்கு என்று நினைத்தேன். பையனை உள்ளே விட்டேன். ஆனால், பிள்ளைகள் முன்னிலையில் அந்த அம்மையாரிடம் ஒரு சொல் சொன்னேன். அச்சொல்லை இங்கு எழுத மனம் வரவில்லை.

திருமணத்துக்குப் பின்னரே துணைவியார் வழியாக இலை கொட்டும் காலத்தை அறிந்தேன். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், வறட்சி தொடங்கியதும் பால்மரத்தின் இலைகள் மஞ்சளும் செம்புமாய் நிறம் மாறி உதிர்கின்றன. சில வாரங்களில் நிரை நிரையாய் மொட்டை மரங்கள். பின்னர்த் தாமிர நிறத்தில் துவண்ட தளிர்கள் தோன்றும். சிறு பூக்கள் பூக்கும். சேமித்து வைத்ததையெல்லாம் மரம் தளிருக்குக் கொடுத்துவிடுவதால், பால் குறைந்துவிடும். கிடைத்த பாலின் எடைக்கேற்பச் சம்பளம் ஏறி இறங்கிய காலத்தில், பால் குறைந்தால் அடுப்பும் குறையும். நம் நாட்டு இளவேனில் என்பது தோட்டப்புறத்தில் கடன் வாங்கும் பருவம். பள்ளிக்கூடத்தில் பணம் கேட்பதற்கு ஆண்டின் மிக மோசமான பருவம். பேராக்கில் தமிழாசிரியராக வந்த எனக்கு இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் சொல்லித் தரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பணிவும் எனக்கு இருந்ததில்லை.

அந்த மாணவன் ஆறாம் வகுப்புக்குப் பிறகு இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போகவில்லை. மாமனுடன் லாரி வேலைக்குப் போய்விட்டான். தோட்டத்தில் அப்படிப் போனவர்கள் பலர். என்னால்தான் அவன் படிப்பு நின்றது என்று சொல்வது மிகை. எனக்கு அதில் பங்கில்லை என்பதும் பொய்.

சுங்கை சிப்புட் துன் சம்பந்தனின் ஊர். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். எங்கள் தோட்டத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. சாலை முகப்பிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை. செம்பனைக்கு இலை கொட்டும் காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஒரே பச்சை. லயங்கள் இல்லை. பள்ளியும் இல்லை. நாடு விடுதலை பெற்றபோது 800-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. அந்தக் கணக்கில் குறைந்தவற்றுள் எங்கள் பள்ளியும் ஒன்று. ஆலயம் மட்டும் புதுச் சாயத்துடன் நிற்கிறது.

துணைவியார் வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேகமாக நடந்தார். ஆலயத்துக்குப் பின்புறம், ஓடைக்கு அப்பால், சிறுதோட்டக்காரர் ஒருவரின் பால்மரங்கள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. பாதி மரங்கள் மொட்டை, பாதி தளிர்விட்டிருந்தன. கணுக்கால் ஆழத்துக்குச் சருகு. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார். நடக்க நடக்கச் சத்தம். "இதுக்குத்தான் வந்தேன்" என்றார். அன்றிரவு அங்கேயே, ஆலயத் திடலில் வண்டியை நிறுத்திக்கொண்டோம். நன்றாகத் தூங்கினோம்.

காலையில் விளக்கேற்ற வந்த முதியவர் துணைவியாரை அடையாளம் கண்டுகொண்டார். "நீ கீழ லயத்துப் புள்ளதானே?" என்று தொடங்கி, யார் யார் எங்கே என்று ஒரு மணி நேரம் ஓடியது. நான் அடுப்பில் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். அந்த மாணவனின் பெயரைக் கேட்டது துணைவியார்தான்; எனக்கு நா எழவில்லை. தைப்பிங்கில் சொந்தமாக இரண்டு லாரிகள் வைத்திருக்கிறானாம். தாயார் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறதாம்.

பெரியவர் தம் கைப்பேசியில் தேடி எண்ணைச் சொல்ல, துணைவியார் பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் எழுதிக்கொண்டார். ஈப்போவுக்குத் திரும்பும் வழியில் எதுவும் பேசாமல் அதை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே, நான் பார்க்கும் இடத்தில் வைத்தார்.

வீட்டை விற்கவில்லை. மகனிடம் சொல்லிவிட்டோம். சுவருக்கு வெள்ளையடித்து, கூரை ஒழுகலை அடைத்து, முற்றத்தைக் கூட்டிப் பெருக்கியாயிற்று. வேன் வாசலில் நிற்கிறது. அட்டை அதே இடத்தில் இருக்கிறது. வெயிலில் எழுத்து மங்கத் தொடங்கியதால் நேற்று அதன்மேல் மீண்டும் பேனாவால் எழுதினேன். தைப்பிங் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.