நம்ம கோயில் வெள்ளச்சிக்காக ஒரு வேண்டுகோள்

ரஹாங்ல நம்ம கோயிலுக்கு வர்றவங்க எல்லாருக்கும் மடப்பள்ளி வாசல்ல படுத்திருக்கிற வெள்ளச்சியத் தெரியும். வயசு 14 ஆச்சு. அடிக்கடி தண்ணி குடிச்சு, உடம்பும் இளைச்சதால கிளினிக் கொண்டு போனோம். சிறுநீரகம் பழுது. மூணுல ரெண்டு பங்கு கெட்ட பிறகுதான் பூனைங்ககிட்ட அறிகுறியே தெரியுமாம். முழுசா குணமாகாது, பக்குவமா பார்த்துக்கிட்டா இன்னும் கொஞ்ச காலம் நல்லா இருக்கும்னு டாக்டர் சொன்னார். அதனால ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில சலைன் ஏத்துறோம்.

தயவுசெஞ்சு அபிஷேகப் பால், பிரசாதம் எதையும் வைக்காதீங்க. வளர்ந்த பூனைங்க பலதுக்குப் பால் செரிக்காது. வெங்காயம், பூண்டு அதுங்க ரத்தத்தைக் கெடுக்கும். முனகுதேன்னு பனடோல் கொடுத்துடாதீங்க, ஒரு மாத்திரையே உயிரை எடுத்துடும்.

"கோயிலுக்கு எதுக்கு இந்தச் செலவு?"ன்னு சிலர் கேட்டாங்க. உண்டியல்ல ஒரு காசு தொடல. தொண்டர்கள் நாங்களே போட்டுக்கிறோம். வைணவத்துல மார்ஜார நியாயம்னு சொல்வாங்க. குட்டி ஒண்ணும் செய்யாது, தாய்ப்பூனைதான் கவ்விக்கிட்டுப் போகும். இறைவனும் நம்மை அப்படித்தான் தாங்குறான். அந்தப் பாடத்துக்கு உதாரணமான ஜீவனை, அதுக்கு முடியாத காலத்துல நாம தாங்க வேணாமா?

சாப்பாட்ட அடியோட நிறுத்தி அவதிப்பட்டா, இழுத்துப் பிடிக்க மாட்டோம். டாக்டர் சொல்றபடி அமைதியா அனுப்பி வைப்போம். அதுவரைக்கும், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது தண்ணிக் கிண்ணம் காலியா இருந்தா நிரப்பிட்டுப் போங்க.