காத்தோ என்ற சொல்லும் பருப்பு வடையும்

பிரெஞ்சு மொழியின் ‘காத்தோ’ என்னும் சொல்லைக் கேட்டதும் வெண்ணெயும் முட்டையும் பாலாடையும் தாராளமாகச் சேர்ந்த கேக் ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது; ஆனால் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், அந்தச் செழுமை வேரில் இல்லை என்பதும், அது பிற்காலத்தில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலேயர் வாயில் ஏறிக்கொண்டது என்பதும் புலப்படுகின்றன.

பழைய பிரெஞ்சில் இச்சொல் ‘காஸ்தெல்’ என்று வழங்கியது. ‘சாஸ்தெல்’ என்ற கோட்டைப் பெயர் ‘ஷாத்தோ’ ஆனபோது இடையிலிருந்த சகர ஒலி மறைந்து ஈற்று லகரம் உயிரொலியாகக் கரைந்ததைப் போலவே இதுவும் ‘காத்தோ’ ஆயிற்று. மறைந்த ஒலியின் அடையாளமாக இன்றும் எழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி நிற்கிறது. அதற்கும் முன்னால், வடபிரான்சில் குடியேறிய ஜெர்மானிய இனத்தவரான பிராங்கியரின் ‘வாஸ்டில்’ என்னும் சொல்லே மூலம் என்பது சொற்பிறப்பியலார் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து; உணவு என்ற பொதுப்பொருளுடைய பழைய ஜெர்மானியச் சொற்களோடு அது உறவுடையது. நார்மானியர் வழியாக இங்கிலாந்து சென்ற ‘வாஸ்டெல்’ என்ற வடிவம், அங்கே சலித்த மாவில் சுட்ட உயர்ந்த ரொட்டியைக் குறித்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் படைத்த மடத்துத் தலைவி தன் நாய்க்குட்டிகளுக்கு ஊட்டியது அந்த ரொட்டியையே. பிறகு ஆங்கிலம் அதே சொல்லைப் பிரெஞ்சிலிருந்து மீண்டும் ஒருமுறை கடன் வாங்கி, பாலாடை அடுக்கிய ஆடம்பரக் கேக்குக்கு மட்டும் ஒதுக்கிக்கொண்டது. பிரெஞ்சிலோ அதன் எல்லை இன்றும் விரிந்தது: அரிசியைப் பாலில் வேகவைத்துச் செய்யும் இனிப்பும் காத்தோ, கோழி ஈரலை அரைத்து வேகவைத்த உப்புப் பண்டமும் காத்தோ.

தமிழின் போக்கு வேறு. பக்குவத்தையும் வடிவத்தையும் நுணுகிப் பார்த்து அப்பம், அடை, வடை, பணியாரம், மோதகம் என்று தனித்தனிப் பெயரிடுவது தமிழ் வழக்கு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கரிய சட்டியில் பாகு சேர்த்து அப்பம் சுடும் ‘கூவியர்’ என்ற தொழிலினரே இடம்பெறுகின்றனர். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்து, மந்தாரை இலையிட்ட மூங்கில் குடலையில் வேகவைக்கும் பெரிய இட்லியைப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் காத்தோ என்று அழைத்தால் அவருடைய மொழிக்கு அது பிழையாகாது.

எனினும் அச்சொல் காஞ்சிப் பகுதியில் ஊன்றவில்லை; காரணத்தை அங்குள்ள ஓர் ஊர்ப்பெயரே சுட்டும். பாலாற்றங்கரையிலுள்ள வாலாஜாபாத்தின் பெயர் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பட்டத்தால் அமைந்தது. 1749-இல் தொடங்கிய பதவிப் போரில் அவருக்கு எதிராகப் போட்டியாளர் சந்தா சாகிபின் பக்கம் நின்ற புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் தோற்றனர், கர்நாடகப் பகுதி ஆங்கிலேயர் செல்வாக்கில் வந்தது, ‘கேக்’ என்ற சொல்லும் அவர்களோடு வந்தது. காத்தோ தமிழரின் சட்டியைச் சந்தித்தது கடலுக்கு அப்பால், மொரிஷியசில். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனேயின் காலத்தில், 1730-களில், புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் அத்தீவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்; 1810-இல் தீவு ஆங்கிலேயர் வசமான பின்னும் குடிகளின் மொழியும் வழக்கங்களும் விட்டுவைக்கப்பட்டதால், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரும் பிரெஞ்சின் வழிவந்த கிரியோல் மொழிக்குள்ளேயே வாழ நேர்ந்தது.

அம்மொழியில் ‘காத்தோ பிமா’ என்றால் மிளகாய்க் காத்தோ. பருப்பை ஊறவைத்து, ஒன்றிரண்டாக அரைத்து, பச்சை மிளகாயும் கொத்தமல்லித் தழையும் வெங்காயத் தாளும் பிசைந்து, சிறு உருண்டைகளாக எண்ணெயில் பொரித்தெடுக்கும் இப்பண்டம், வாலாஜாபாத்துத் தேநீர்க் கடைகளில் உள்ளங்கையில் தட்டிப் போடப்படும் மசால் வடையின் நெருங்கிய உறவு என்பதை, வெந்த பருப்பு வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் பிளக்கும் விதமே காட்டிவிடும். மொரிஷியசில் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் அதை நசுக்கி வைத்துக் காலை உணவாக உண்கின்றனர்; தேங்காய்ப் பூரணம் வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பண்டமும் அங்கே காத்தோதான். ஆடம்பரத்தின் பெயராகிவிட்ட ஒரு சொல் கூலித் தொழிலாளரின் வடைக்கு வந்து அமர்ந்ததைத் தாழ்வு என்று கொள்வது பொருந்தாது. உணவு என்ற தன் ஆதிப்பொருளுக்கு லண்டன் கேக் கடைகளில் இருப்பதைவிட அங்கேதான் அது நெருங்கி நிற்கிறது.

பக்கத்துத் தீவான ரீயூனியனில், இடையில் சில ஆண்டுகள் தவிர, பிரெஞ்சு ஆட்சியே தொடர்ந்தது, அங்கும் தமிழர் திரளாகக் குடியேறினர். ஆனால் அதே வடைக்கு அங்கே வாய்த்தது, மிட்டாயைக் குறிக்கும் ‘போன்போன்’ என்ற மற்றொரு பிரெஞ்சுச் சொல்.