நாள் குறித்தவர்கள்

நெய்வேலிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்று, குறிஞ்சிப்பாடியில் வாழும் பங்குமகன் ஒருவர் சென்ற தவக்காலத்தில் நம்மைத் தேடி வந்தார். வெளியூர்ப் போதகர் ஒருவர் ஆண்டவரின் வருகைக்கு நாள் குறித்துவிட்டாராம். "சாமி, இனிப் பணம் எதற்கு? சேமிப்பை அவர் ஊழியத்திற்கே கொடுத்துவிடட்டுமா?" என்றார்.

அவருக்கு ஒரு பழைய வரலாற்றைச் சொன்னோம். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861-இல் திருமுழுக்குப் பெற்றவர் யுஸ்துஸ் யோசேப்பு. வித்துவான் குட்டி என்று திருவிதாங்கூர் அவரைப் போற்றியது. ஆங்கிலிக்கக் குருவாக விளங்கிய அவர், ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து வருவார் என்று 1875-இல் அறிவித்தார். மக்கள் திரண்டனர். 1881 வந்தது, எதிர்பார்த்தது நிகழவில்லை. அவரைப் பின்பற்றியோர் யுயோமயம் என்னும் தனிச் சபையாயினர்.

அன்பர்களே, அவர் வஞ்சகர் அல்லர். கல்வியும் பக்தியும் நிறைந்தவர். அவர் இயற்றிய பாடல்களை மலையாளக் கிறிஸ்தவர்கள் சபை வேறுபாடின்றி இன்றும் பாடுகின்றனர். எனவே கண்ணீரும் புலமையும் மட்டுமே போதனைக்குச் சான்றாகா. அந்த நாளைத் தந்தை ஒருவரே அறிவார் என்று ஆண்டவரே கூறியிருக்க, அதனை அறிந்ததாகச் சொல்பவர் யாராயினும் எல்லை மீறுகிறார். அச்சமூட்டிப் பணம் கேட்கிறாரா? திருச்சபையின் திருத்தத்திற்குப் பணிகிறாரா? இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தல் நம் கடமை. அனைத்தையும் சோதித்து நல்லதைப் பற்றிக்கொள்ளுமாறு பவுலடியார் தெசலோனிக்கருக்கு எழுதியதும் இதற்காகவே.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பெரியவர், எழுந்தபோது மெல்லச் சொன்னார்: "என் வீட்டுக்காரி இறந்த பிறகு அந்தப் போதகர் நான்கு முறை வீட்டுக்கு வந்து செபித்தார், சாமி. நீங்கள் அடக்கத்திற்கு வந்ததோடு சரி."

குருமடத்தில் தப்பறைகளை மறுக்கக் கற்றோம். இதற்கு மறுமொழி சொல்ல நமக்குத் தெரியவில்லை. ஆயன் செல்லாத வீட்டிற்குள்தான் அந்நியக் குரல் எளிதாக நுழைகிறது. அன்றிரவு நற்கருணை முன் அமர்ந்து, முதலில் நம் குற்றத்தையே அறிக்கையிட்டோம்.

மறுவாரம் அன்பியத்தாருடன் அவர் இல்லம் சென்று செபமாலை சொன்னோம். இப்போதும் மாதந்தோறும் செல்கிறோம். சேமிப்பு வங்கியிலேயே இருக்கிறது. குறித்த நாளும் கடந்துவிட்டது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. ஞாயிறு திருப்பலியில் தம் பழைய இடத்தில் அமர்ந்திருக்கிறார்.

தவறான போதனையை மேடையில் கண்டிப்பது எளிது. அது நுழைந்த வாசலில் போய் நிற்பதே ஆயனின் பணி. அயலாரின் பணியும் அதுவே.