பத்து எரிநட்சத்திரம் எண்ணினால் போதும்... சாமல்பட்டி வானத்தை அளந்துவிடலாம்!

அதிகாலை மூன்றரை மணிக்கு சாமல்பட்டியில் விழித்திருப்பவர்களுக்குக் குறைவில்லை. பால் கறப்பவர்கள், முதல் ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்புபவர்கள், ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலர். மே முதல் வாரத்தில் இவர்கள் தலைக்கு மேலே ஒரு விண்கல் பொழிவு நடக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர்கள்தான் குறைவு.

அதன் பெயர் ஈட்டா அக்வாரிட்ஸ். ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற தூசுப் பாதையில் பூமி புகும்போது, அந்தத் துகள்கள் நொடிக்கு 66 கி.மீ வேகத்தில் காற்றில் மோதி எரிகின்றன. 1986-ல் வந்துபோன ஹாலியை மறுபடி பார்க்க 2061 வரை காத்திருக்க வேண்டும். அதன் தூசு மட்டும் வருஷம் தவறாமல் வந்துவிடுகிறது. மே 5, 6 தேதிகளில் உச்சம்.

இந்தப் பொழிவு தெற்கே போகப் போக நன்றாகத் தெரியும். லண்டனில் பொழிவு புறப்படும் புள்ளி அடிவானத்தைவிட்டு மேலே வருவதற்குள் விடிந்துவிடும். சாமல்பட்டி இருப்பதோ 12 டிகிரி அட்சரேகையில். இரண்டு மணிவாக்கில் அந்தப் புள்ளி கிழக்கே எழும். வானம் வெளுக்கத் தொடங்கும் நாலரை வரை பார்க்கலாம்.

நம் ஊரின் இந்த வசதியை ஜெர்மனிக்காரர் ஒருவர் என்றோ பயன்படுத்திக்கொண்டார். 1872 நவம்பர் 27 இரவு, ஐரோப்பாவில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. காணாமல்போன பீலா வால்நட்சத்திரத்தின் சிதறல்கள் அவை. அந்த வால்நட்சத்திரம் பூமியை ஒட்டிப் போயிருந்தால், இப்போது தென்வானில் தீட்டா சென்டாரி நட்சத்திரத்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார் கிளிங்கர்ஃபியூஸ். அவர் இருந்த கோட்டிங்கனிலிருந்து அந்த இடத்தைப் பார்க்க வழியில்லை. உடனே சென்னைக்குத் தந்தி அடித்தார். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன், மேகம் விலகியதும் டிசம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். அது பீலா அல்ல என்பது பின்னாளைய முடிவு. ஆனால், தெற்கே ஒரு ஜோடிக் கண்கள் தேவை என்பது அன்றே புரிந்துவிட்டது.

அந்தக் கண்களுக்கு டெலஸ்கோப்கூட அவசியமில்லை. மொட்டை மாடியில் ஒரு பாயும், ஒரு நோட்டும், பேனாவும் போதும். செல்போனை அணைத்துவிட்டு 20 நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்குங்கள். ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் குறியுங்கள். நடுவில் டீ குடிக்கப் போனால் அதையும் எழுதுங்கள். எரிநட்சத்திரத்தின் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் கிழக்கே கும்ப ராசியில் முடிகிறதா? அது ஈட்டா அக்வாரிட்ஸ். இல்லையென்றால் தனிக் கணக்கு.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான நட்சத்திரத்தின் பிரகாச எண். இன்று உலகமே பயன்படுத்தும் அந்த அளவுகோலை 1856-ல் முன்வைத்தவரும் அதே போக்சன்தான்! எண் கூடக்கூட வெளிச்சம் குறைவு. நல்ல இருட்டு என்றால் 6.5 வரை தெரியும்.

மூன்றரை முதல் நாலரை வரை 10 எண்ணினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பொழிவுப் புள்ளி சுமார் 30 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். உச்சந்தலைக்கு மேலே இருந்தால் தெரிவதில் பாதிதான் தெரியும். ஆகவே, இரண்டால் பெருக்க வேண்டும். உங்கள் வானத்தில் 5.5 வரைதான் தெரிகிறது என்றால், இன்னொரு 2.4 மடங்கு. 10 x 2 x 2.4 = 48. உச்ச நாளில் விஞ்ஞானிகள் சொல்லும் அளவு மணிக்குச் சுமார் 50. பாயில் படுத்தபடியே கிட்டே வந்துவிட்டீர்கள்!

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் மனசு கனக்கிறது. விளக்கு வெளிச்சம் கூடி, 4.5 வரைதான் தெரிகிறது என்றால், 10 பார்த்த இடத்தில் 4 தான் தெரியும். பொழிவு குறையவில்லை, நம் இருட்டுதான் குறைந்திருக்கிறது.

ஓசூர், பெங்களூரு இரண்டும் சாமல்பட்டிக்கு வடமேற்கில் இருப்பதும், பொழிவு கிழக்கே எழுவதும் இப்போதைக்கு ஓர் அதிர்ஷ்டம். பக்கத்து திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலைக் காவலூரில் 1968 முதல் வானத்தைப் பார்த்துவருவதும் அங்கே கிடைக்கும் இருட்டை நம்பித்தான். தொழிற்சாலை வேண்டாம், தெருவிளக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சம் மேலே சிதறாமல் தரையில் விழும்படி விளக்குக்கு ஒரு மூடி போட்டால் போதும்.

எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார் என்பார்கள் பாட்டிமார்கள். பார்க்கலாம், நோட்டில் ஒரு கோடு போட்ட பிறகு. இப்படி ஆர்வலர்கள் எண்ணி அனுப்பும் கணக்குகளை சர்வதேச விண்கல் அமைப்பு சேகரித்துவருகிறது. ஒரு மணி நேரம் பார்த்து ஒன்றுமே தெரியாவிட்டால் 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். அதுவும் கணக்குதான்.

நிலா தொந்தரவு இல்லாத மே மாதமாகப் பார்த்து ஒரு முறை எண்ணிவைத்துவிட்டால், ஊரின் இருட்டுக்கு ஒரு பதிவு கிடைத்துவிடும். சில வருஷம் கழித்து அதே மாடியில், அதே நேரத்தில் எண்ணும்போது, நடுவில் முளைத்த விளக்குகள் எத்தனை எரிநட்சத்திரங்களை விழுங்கின என்பதை அந்த நோட்டே சொல்லும்.