பழுக்க மறுத்த தக்காளி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு தக்காளிச் செடிகள் உண்டு. சென்ற ஐப்பசி மாதம், அடைமழையில் காய்கள் அழுகிவிடுமே என்று அஞ்சி அனைத்தையும் பறித்தோம். கூடையில் வைக்கோல் பரப்பி அடுக்கி, கனிந்த வாழைப்பழம் ஒன்றையும் உடன் வைத்து மூடினோம். சில நாள்களில் பெரும்பாலானவை சிவந்தன. பிஞ்சாய்ப் பறித்தவையோ சுருங்கி வீணாயின. "ஒரு பழம் எப்படிப்பா மற்றக் காயைப் பழுக்க வைக்கிறது?" என்று எங்கள் இளைய மகன் வினவினான். விடை தேடப் புகுந்த எங்களுக்கு எதிர்பாராத பாடம் ஒன்று கிடைத்தது.

கனியும் பழம் எதிலீன் என்னும் வாயுவை வெளியிடுகிறது. ஆப்பிள் பழங்கள் தாமே இவ்வாயுவை உண்டாக்குகின்றன என்பதை 1934-இல் இங்கிலாந்தில் ரிச்சர்டு கேன் என்பார் மெய்ப்பித்தார். இது தாவரங்களின் ஹார்மோன்களுள் ஒன்று. தக்காளிக்காய் உள்ளே விதை முற்றியதும் இவ்வாயுவைச் சுரக்கத் தொடங்குகிறது. சிறிது சுரந்தது மேலும் சுரக்கத் தூண்டுகிறது. பச்சையம் மறைய, லைக்கோபீன் என்னும் செந்நிறப் பொருள் சேருகிறது, சதை இளகுகிறது, மணம் பிறக்கிறது. முற்றாத பிஞ்சோ, வெளியிலிருந்து எத்துணை எதிலீன் வந்தாலும் அவ்வழைப்புக்குச் செவ்வையாய் இணங்குவதில்லை.

இவற்றையெல்லாம் உள்ளிருந்து நடத்துபவை மரபணுக்கள். மரபியலுக்கு அடிகோலியவர் கிரகோர் மெண்டல் என்னும் அகுஸ்தீனார் சபைத் துறவி என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்று. தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி பயிரிட்டு அவர் கண்ட உண்மைகள் 1866-இல் அச்சேறின.

விந்தையான தக்காளிச் செடி ஒன்றைப்பற்றி 1968-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதினர். அதன் காய்கள் முழு அளவுக்குப் பருத்தன, விதையும் முற்றின, ஆயினும் சிவக்கவில்லை, இளகவில்லை. எதிலீன் ஊட்டியும் பயனில்லை. 'ரின்' எனப் பெயர்பெற்ற இவ்வகைக்குக் காரணமான மரபணு 2002-இல் கண்டறியப்பட்டது. பழுப்பதற்கு ஆணையிடும் மரபணு பழுதுற்றதால் ஆணையே பிறக்கவில்லை என்றுதான் அறிஞர் நெடுங்காலம் எண்ணினர்.

2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இயல்பான தக்காளியில் அம்மரபணுவைச் செயலிழக்கச் செய்து பார்த்தனர். அதன் காய்கள் முழுமையாய் அன்றெனினும் சிவக்கத் தொடங்கின. அவ்வாறாயின் 'ரின்' செடியில் நேர்ந்தது யாது? அடுத்தடுத்திருந்த இரு மரபணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுத்தலைத் தடுக்கும் புரதம் ஒன்றை உண்டாக்கியிருந்தன. அத்தடையை அகற்றியபோது அதன் காய்களும் ஓரளவு சிவந்தன. இல்லாமை அன்று, இடையூறே காரணம்!

இதனைப் படித்த இரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. இதே மகனை மூன்றாண்டுகள் மந்தபுத்தியுள்ளவன் என்று நாங்கள் ஏசியிருக்கிறோம். மூத்தவளோடு ஒப்பிட்டு இகழ்ந்தோம், அடித்தும் இருக்கிறோம். அவன் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, அவன் எப்போதும் தலையைச் சாய்த்தே கேட்பதை ஆசிரியை ஒருவர் கவனித்துச் சொன்னார். மருத்துவரிடம் காட்டிய பின்னரே, சிறுவயதில் காதில் சீழ் வடிந்ததால் அவனுக்குச் செவி மந்தமாயிருந்தது எங்களுக்குத் தெரிந்தது. காதுக்கருவி பொருத்தியபின் பாடங்கள் மெல்லப் படிந்தன. வகுப்பில் முதல்வன் அல்லன். ஆயினும் இன்று வினாத் தொடுப்பவன் அவனே.

ஏசியதற்காக அவனிடம் நாங்கள் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. மறுநாள் குடும்ப செபமாலை முடிந்ததும் கேட்டோம். "எனக்கே தெரியாதேப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அம்மறுமொழி எங்களைத் தேற்றவில்லை. அறிந்துகொள்ள வேண்டியது பெற்றோராகிய எங்கள் கடமையன்றோ!

காய்க்காத அத்திமரத்தை வெட்டச் சொன்ன தலைவரிடம் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரரை ஆண்டவர் இயேசு நமக்குக் காட்டினார். அவர் வெறுமனே காத்திருக்க விரும்பவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிட முன்வந்தார். பிந்திப் பழுக்கும் பிள்ளை உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். ஏசுமுன், அவனைத் தடுப்பது எதுவென்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.